டிசைன் பேட்டர்னை மாடலில் காட்டுவதும் பொருத்துவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

மென்பொருள் வடிவமைப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலுக்குப் பெயரிட்டு வைத்திருக்கும் தீர்வுதான் டிசைன் பேட்டர்ன். ஸ்டேட், ஸ்ட்ராட்டஜி ஆகிய இரண்டு பேட்டர்ன்களின் கிளாஸ் வரைபடங்களையும் எடுத்து, பெட்டிகளில் இருக்கும் பெயர்களை மறைத்துவிட்டு அருகருகே வையுங்கள். இரண்டிலும் ஒரு கிளாஸ் ஒரு இன்டர்ஃபேஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இன்டர்ஃபேஸுக்குக் கீழே இரண்டு மூன்று கிளாஸ்கள் இருக்கும். எது ஸ்டேட், எது ஸ்ட்ராட்டஜி என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஆப்ஜெக்ட்டுக்குக் கூடுதல் வேலை சேர்க்கும் டெக்கரேட்டரும் அதற்கான அணுகலைக் கட்டுப்படுத்தும் ப்ராக்ஸியும்கூட ஏறக்குறைய இப்படித்தான். வரைபடம் ஒன்றாக இருந்தாலும் அவை தீர்க்கும் சிக்கல்கள் வேறு. ஸ்ட்ராட்டஜியில் எந்த வழிமுறை வேண்டும் என்பதை வெளியிலிருந்து அழைப்பவர் தேர்ந்தெடுப்பார். ஸ்டேட்டில் அழைப்பவருக்கு உள்ளே எந்த நிலை இருக்கிறது என்பதே தெரிய வேண்டியதில்லை. நிலைகள் தாமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

ஆகவே கிளாஸ் வரைபடத்தை வரைந்து முடித்ததும் பேட்டர்னைக் காட்டிவிட்டோம் என்று எண்ணிவிட முடியாது. பேட்டர்ன் என்பது சில பாத்திரங்கள், அந்தப் பாத்திரங்களுக்கு இடையிலான நிபந்தனைகள், அவற்றை அப்படி அமைக்கக் காரணமான சிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. எந்த கிளாஸ் எந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறது, எந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, எதற்காக என்பதை மாடல் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

## கொஞ்சம் பின்னணி

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவர் குழுவினரும் 1977-இல் 253 பேட்டர்ன்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அந்தச் சிந்தனையை 1987-இல் கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் மென்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். 1994-இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரின் நூல் வந்தது. அதில் 23 பேட்டர்ன்கள்: ஆப்ஜெக்ட் உருவாக்கம் தொடர்பானவை 5, அமைப்பு தொடர்பானவை 7, நடத்தை தொடர்பானவை 11.

மென்பொருள் மாடல்களை வரையும் பொதுக் குறியீடான யூஎம்எல் அந்த நூல் வந்தபோது இல்லை. அதிலுள்ள கிளாஸ் வரைபடங்கள் ஜேம்ஸ் ரம்பாவின் ஓஎம்டி குறியீட்டைத் தழுவியவை. தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு யூஎம்எல் 1.1-ஐ ஏற்றது 1997-இல்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு பேட்டர்னையும் அந்த நூல் 13 பகுதிகளாகப் பிரித்து எழுதுகிறது: பெயர், நோக்கம், எங்கே பொருந்தும், பங்கேற்பவர்கள், விளைவுகள் என்று. அமைப்பு வரைபடம் அவற்றில் ஒரே ஒரு பகுதி. நம்மில் பலர் அந்த ஒன்றை மட்டும் நகலெடுத்துக்கொண்டு மற்ற பன்னிரண்டையும் விட்டுவிடுகிறோம்.

## எடுத்துக்கொள்ளும் உதாரணம்

இணையத்தில் பொருள் விற்கும் ஒரு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் ஒன்று 'புதியது' என்ற நிலையில் தொடங்கும். பிறகு 'பணம் வந்தது', 'அனுப்பப்பட்டது', 'சேர்ந்தது' என்று நகரும். இடையில் 'ரத்து' ஆகலாம். அனுப்பும் கட்டணத்தை எடையை வைத்தோ தூரத்தை வைத்தோ கணக்கிடலாம். ஆர்டரின் நிலை மாறும்போது கிடங்கு, கணக்குப் பிரிவு, வாடிக்கையாளர் அறிவிப்பு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் செய்தி போக வேண்டும். எளிய கதைதான், ஆனால் சிக்கல்கள் போதுமான அளவு இதில் உண்டு.

## படி 1: பேட்டர்ன் பெயரைச் சொல்லாமல் சிக்கலை எழுதுங்கள்

முதல் வேலை, எது மாறும், எது மாறாது என்று எழுதுவது. இந்த உதாரணத்தில் மூன்று வாக்கியங்கள் வரும்.

ஒன்று: 'ரத்து செய்' என்ற ஒரே கட்டளை, ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப வேறு வேறு வேலையைச் செய்ய வேண்டும். பணம் வராத ஆர்டர் என்றால் வெறுமனே மூடிவிடலாம். பணம் வந்திருந்தால் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய பிறகு என்றால் மறுக்க வேண்டும்.

இரண்டு: கட்டணக் கணக்கு ஆர்டருக்கு ஆர்டர் மாறும், புதிய கணக்கு முறைகளும் பின்னால் சேரும்.

மூன்று: நிலை மாறியதைத் தெரிந்துகொள்ள விரும்புவோரின் பட்டியல் வளரும். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது ஆர்டருக்குத் தெரியக் கூடாது.

இந்த வாக்கியங்களில் பேட்டர்ன் பெயர் எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால் அதற்கேற்ற சிக்கலைத் தேடி அலைவோம். ஒரு கிளாஸுக்கு ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான் என்று உறுதி செய்யும் சிங்கிள்டன் பேட்டர்ன் இவ்வளவு இடங்களில் தேவையின்றிப் புகுந்திருப்பதற்கு என் கணிப்பில் இதுவே முதல் காரணம்.

## படி 2: எளிய மாற்றுவழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

மூன்று சிக்கல்களுக்கும் முறையே ஸ்டேட், ஸ்ட்ராட்டஜி, அப்சர்வர் பொருந்தும்போலத் தெரிகிறது. உடனே வரைய உட்காராதீர்கள்.

ஸ்டேட்டையே எடுத்துக்கொள்வோம். ஆர்டருக்கு ஐந்து நிலைகள். 'பணம் செலுத்து', 'அனுப்பு', 'ஒப்படை', 'ரத்து செய்' என நான்கு கட்டளைகள். ஸ்டேட் பேட்டர்ன்படி ஐந்து கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் நான்கு மெத்தட்கள், ஆக மொத்தம் இருபது இடங்கள். இவற்றில் எத்தனை இடங்களில் 'இது இங்கே அனுமதி இல்லை' என்பதைத் தவிர வேறு வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலை எதுவும் இல்லாமல் நிலை மட்டும்தான் மாறுகிறது என்றால், 'இந்த நிலை, இந்தக் கட்டளை, அடுத்த நிலை' என்று ஓர் அட்டவணையே போதும். அட்டவணை தாவல்களைத் தெளிவாகக் காட்டும். ஸ்டேட் பேட்டர்ன் ஒவ்வொரு நிலைக்கும் உரிய நடத்தையைத் தெளிவாகக் காட்டும். நம் ஆர்டரில் ரத்து செய்வது நிலைக்கு நிலை நிஜமாகவே வேறு வேலை. ஆகவே ஸ்டேட் நியாயமான தேர்வுதான்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. தேவைகளை ஆராயும் கட்டத்தில் ஆர்டரின் வாழ்க்கையை நிலைகளையும் தாவல்களையும் காட்டும் யூஎம்எல் ஸ்டேட் மெஷின் வரைபடமாக வரைந்தால் போதும். ஸ்டேட் பேட்டர்ன், அந்த வரைபடத்தை நிரலாக மாற்றும் பல வழிகளில் ஒன்று. இரண்டையும் ஒரே படத்தில் கலந்துவிட்டால், தேவை எது, நாம் எடுத்த முடிவு எது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

## படி 3: பாத்திரங்களைத் தனியே பட்டியலிடுங்கள்

உங்கள் கிளாஸ் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, பேட்டர்னின் பாத்திரங்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று விவரங்கள் வேண்டும்: அதன் பொறுப்பு என்ன, ஒரு பொருத்தத்தில் (அதாவது பேட்டர்னை ஓரிடத்தில் பயன்படுத்தும்போது) எத்தனை கிளாஸ்கள் அதை ஏற்கலாம், அது யாரை அறிந்திருக்கலாம்.

ஸ்டேட்டில் மூன்று பாத்திரங்கள். கான்டெக்ஸ்ட் ஒன்றே ஒன்று; நடப்பு நிலையை வைத்திருக்கும். ஸ்டேட் ஒன்றே ஒன்று. நிலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இன்டர்ஃபேஸ் அது. கான்கிரீட் ஸ்டேட் ஒன்றுக்கு மேல் இருக்கும்; ஒன்றே ஒன்றுதான் என்றால் பேட்டர்னுக்கே வேலை இல்லை. அப்சர்வரில் நான்கு: சப்ஜெக்ட், அப்சர்வர், கான்கிரீட் சப்ஜெக்ட், கான்கிரீட் அப்சர்வர். இதில் சப்ஜெக்ட் அறியக்கூடியது அப்சர்வர் என்ற இன்டர்ஃபேஸை மட்டும்தான். கான்கிரீட் அப்சர்வரோ கான்கிரீட் சப்ஜெக்ட்டை அறிந்திருக்கலாம். திசை முக்கியம்; அப்சர்வர் பேட்டர்னின் பயனே இந்தத் திசையில்தான் இருக்கிறது.

பேட்டர்ன் நமக்கே விட்டுவைத்திருக்கும் முடிவுகளையும் இங்கேயே குறித்துவிடுங்கள். ஸ்டேட்டில், அடுத்த நிலை எது என்று முடிவு செய்வது கான்டெக்ஸ்டா, நிலை கிளாஸ்களா? அப்சர்வரில், மாறிய விவரத்தைச் செய்தியோடு சேர்த்துத் தள்ளுவதா, 'ஏதோ மாறியிருக்கிறது' என்று மட்டும் சொல்லி, வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதா? இந்தக் கேள்விகளுக்கான விடை எழுதப்படாத மாடலை இரண்டு பேர் நிரலாக மாற்றினால் இரண்டு வேறு மென்பொருள்கள் வரும்.

## படி 4: எந்தக் குறியீட்டில் காட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, கிளாஸ் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு சாம்பல் பெட்டி ஒட்டி, அதில் 'பேட்டர்ன்: பாத்திரம்' என்று எழுதுவது. யூஎம்எல் தரத்தில் இது இல்லை. ஆனாலும் வாசிக்க இதைவிட எளிய முறை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜாவா நிரல்களைச் சோதிக்கும் கருவியான ஜேயூனிட்டின் வடிவமைப்பை விளக்கிய கென்ட் பெக்கும் எரிக் காமாவும் இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான் பயன்படுத்தினார்கள். மையத்தில் இருக்கும் டெஸ்ட்கேஸ் என்ற ஒரே கிளாஸ் நான்கு பேட்டர்ன்களில் பங்கேற்பதை அந்தப் படம் ஒரு பார்வையில் காட்டிவிடும். வெறும் கிளாஸ் வரைபடத்தில் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.

இரண்டாவது வழி யூஎம்எல்லின் கொலாபரேஷன். விட்டுவிட்டு வரும் கோட்டால் வரைந்த நீள்வட்டம், உள்ளே பேட்டர்னின் பெயர். பேட்டர்னை வரையறுக்கும்போது நீள்வட்டத்துக்குள்ளேயே பாத்திரங்களையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் வரையலாம். அந்தப் பேட்டர்னை ஓரிடத்தில் பொருத்தும்போது இன்னொரு நீள்வட்டம் வரும். அதில் 'பொருத்தத்தின் பெயர் : பேட்டர்னின் பெயர்' என்று எழுதி, அங்கிருந்து ஒவ்வொரு கிளாஸுக்கும் விட்டுவிட்டு வரும் கோடு இழுத்து, கோட்டின் மேல் பாத்திரத்தின் பெயரை எழுத வேண்டும். யூஎம்எல் 2 தரநூலே இதை விளக்க அப்சர்வர் பேட்டர்னைத்தான் எடுத்துக்கொள்கிறது: அழைப்புகள் வரிசையில் நிற்கும் ஒரு கிளாஸ் சப்ஜெக்ட், அந்த வரிசையின் நீளத்தைப் பட்டையாகக் காட்டும் கிளாஸ் அப்சர்வர்.

பொருத்தத்துக்குத் தனிப் பெயர் கொடுக்கும் வசதி சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் பெரிய உதவி. ஒரே மாடலில் அப்சர்வர் மூன்று இடங்களில் வந்தால், 'நிலை அறிவிப்பு : அப்சர்வர்', 'இருப்பு அறிவிப்பு : அப்சர்வர்' என்று பிரித்துப் பேச முடியும். சாம்பல் பெட்டி முறையில் எல்லாமே 'அப்சர்வர்' என்றுதான் நிற்கும். எந்த சப்ஜெக்ட்டுக்கு எந்த அப்சர்வர் என்பது குழம்பிவிடும்.

இதில் ஒரு நுணுக்கமான குறை உண்டு. யூஎம்எல் கொலாபரேஷனில் பாத்திரம் ஏற்பவை இயங்கும் ஆப்ஜெக்ட்கள். டிசைன் பேட்டர்னிலோ அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும் ஒரு பாத்திரம், ஒரு கிளாஸ் இன்னொன்றிலிருந்து வருவதைக் காட்டும் இன்ஹெரிட்டன்ஸ் கோடும் பேட்டர்னின் ஒரு பகுதி. 'ஸ்டேட்' என்ற இன்டர்ஃபேஸின் ஆப்ஜெக்ட் என்று நேரடியாக எதுவும் இயங்குவதில்லை. அதனால் 'கான்கிரீட் ஸ்டேட் எல்லாம் ஸ்டேட்டிலிருந்து வர வேண்டும்' என்பதைக் கொலாபரேஷன் நீள்வட்டத்தால் நேராகச் சொல்ல முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ராபர்ட் ஃபிரான்ஸ், டே-கியூ கிம் முதலானோர் ஆர்பிஎம்எல் என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் பாத்திரம் ஏற்பது மாடலின் உறுப்பே: கிளாஸ், மெத்தட், இணைப்புக் கோடு எதுவும் பாத்திரம் ஏற்கலாம். அம்னான் ஈடனின் லெபஸ் மொழி தர்க்கக் கணிதத்தின் பக்கம் இன்னும் தள்ளிப் போகிறது. ஆய்வுக்கும் தானியங்கிச் சரிபார்ப்புக்கும் இவை நல்லவை. அன்றாட வேலையில் ஒரு குழு முழுவதும் இவற்றைப் படித்துப் பழக வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

மூன்றாவது வழி ஸ்டீரியோடைப். கிளாஸ் பெயருக்கு மேலே இரட்டைக் கோண அடைப்புக்குள் பாத்திரத்தின் பெயரை எழுதுவது. உரையாக எழுதி வரைபடம் பெறும் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு இது வசதி. கருவிகள் ஸ்டீரியோடைப்பைத் தேடி எடுக்கவும் முடியும். எந்தப் பொருத்தம் என்பதையும் சேர்த்துச் சொல்ல, ஸ்டீரியோடைப்போடு ஒரு டேக் மதிப்பு வைத்து அதில் பொருத்தத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.

என் பரிந்துரை இது: பேட்டர்னைப் பொருத்தும் இடத்தை விளக்கும் படத்தில் கொலாபரேஷன் நீள்வட்டம், நீண்ட காலம் வாழும் முழு கிளாஸ் வரைபடத்தில் ஸ்டீரியோடைப். நீள்வட்டங்களைப் பெரிய வரைபடத்தில் போட்டால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, படத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

## படி 5: பாத்திரங்களைப் பிணையுங்கள்

இப்போதுதான் உங்கள் கிளாஸ்கள் உள்ளே வருகின்றன. எந்தப் பாத்திரத்தை எந்த கிளாஸ் ஏற்கிறது என்று ஒவ்வொரு பொருத்தத்துக்கும் எழுதுவோம்.

ஆர்டர் வாழ்க்கை : ஸ்டேட்
கான்டெக்ஸ்ட் → ஆர்டர்
ஸ்டேட் → ஆர்டர்நிலை
கான்கிரீட் ஸ்டேட் → புதியது, பணம்வந்தது, அனுப்பப்பட்டது, சேர்ந்தது, ரத்து

கட்டணக் கணக்கு : ஸ்ட்ராட்டஜி
கான்டெக்ஸ்ட் → அனுப்புகை
ஸ்ட்ராட்டஜி → கட்டணமுறை
கான்கிரீட் ஸ்ட்ராட்டஜி → எடைமுறை, தூரமுறை

நிலை அறிவிப்பு : அப்சர்வர்
சப்ஜெக்ட், கான்கிரீட் சப்ஜெக்ட் → ஆர்டர்
அப்சர்வர் → நிலைகேட்பவர்
கான்கிரீட் அப்சர்வர் → கிடங்கு, கணக்கு, வாடிக்கையாளர்அறிவிப்பு

மூன்று விஷயங்களைப் பாருங்கள். கட்டணக் கணக்கின் கான்டெக்ஸ்ட்டாக ஆர்டரை வைக்காமல் அனுப்புகை என்ற வேறு கிளாஸை வைத்திருக்கிறோம். இல்லையென்றால் ஆர்டர் எல்லாப் பேட்டர்னுக்கும் நடுவில் உட்கார்ந்து வீங்கிவிடும். அப்சர்வரில் இரண்டு பாத்திரங்களை ஒரே கிளாஸில் இணைத்திருக்கிறோம். இது தவறில்லை, சப்ஜெக்ட் பாத்திரத்தை ஏற்க வேறு கிளாஸ் வரப்போவதில்லை என்றால் தனியாக ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எதற்கு? ஆனால் இணைத்ததை மாடலில் எழுதியாக வேண்டும். பார்ப்பவர் விடுபட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது.

மூன்றாவது பெயர் பற்றியது. 'ஆர்டர்ஸ்டேட்கான்டெக்ஸ்ட்' போன்ற பெயர்களைத் தயவுசெய்து வைக்காதீர்கள். கிளாஸின் பெயர் அது செய்யும் தொழிலிலிருந்து வரட்டும். பாத்திரத்தைச் சொல்லத்தான் பிணைப்பு இருக்கிறதே.

## படி 6: பேட்டர்ன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தைத் தேடுங்கள்

பிணைப்புப் பட்டியலில் ஒரே கிளாஸ் இரண்டு பொருத்தங்களில் வந்தால் அங்கே நின்று பாருங்கள். இங்கே ஆர்டர், ஸ்டேட்டின் கான்டெக்ஸ்ட்டாகவும் இருக்கிறது, அப்சர்வரின் சப்ஜெக்ட்டாகவும் இருக்கிறது. தனித்தனியே இரண்டு பேட்டர்ன்களும் சரி. சேரும் இடத்தில் என்ன நடக்கும்?

ஆர்டரிடம் 'அனுப்பு' என்கிறார்கள். ஆர்டர் அதை நடப்பு நிலையான பணம்வந்தது ஆப்ஜெக்ட்டிடம் ஒப்படைக்கிறது. அது அனுப்பும் வேலையைத் தொடங்கி, பாதியில் ஆர்டரின் 'நிலையை மாற்று' மெத்தடை அழைக்கிறது. நிலை மாறியதும் அப்சர்வர்களுக்குச் செய்தி போக வேண்டும். அதனால் 'நிலையை மாற்று'வுக்குள்ளேயே 'அறிவி'யை வைத்துவிடுவதுதான் இயல்பாகத் தோன்றும். செய்தி கிடங்குக்குப் போகிறது. கிடங்கில் இருப்பு இல்லை. கிடங்கு அப்போதே ஆர்டரின் 'ரத்து செய்'யை அழைக்கிறது. ஆர்டர் இப்போது அனுப்பப்பட்ட நிலையில் இருப்பதால் ரத்து மறுக்கப்படுகிறது. விதி வேறாக இருந்திருந்தால் ரத்தாகியும் இருக்கும். எது நடந்தாலும் கட்டுப்பாடு திரும்பி வரும்போது, பணம்வந்தது ஆப்ஜெக்ட் தன் மெத்தடின் மீதி வரிகளை ஓட்டுகிறது. ஆர்டர் அதன் நிலையிலிருந்து எப்போதோ வெளியேறிவிட்டது என்பது அதற்குத் தெரியாது.

இந்தப் பிழை கிளாஸ் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. இரண்டு பேட்டர்ன்களின் விளக்கங்களையும் தனித்தனியே படித்தாலும் பிடிபடாது. அப்சர்வர் கேட்கும் நிபந்தனை, அறிவிக்கும் நேரத்தில் சப்ஜெக்ட் முரணில்லாத நிலையில் இருக்க வேண்டும் என்பது. ஸ்டேட்டோ, நிலை ஆப்ஜெக்ட் தன் வேலையின் நடுவிலேயே நிலையை மாற்ற இடம் கொடுக்கிறது. இரண்டும் ஒரே கிளாஸில் சந்திக்கும்போது மோதுகின்றன.

தீர்வு: 'நிலையை மாற்று' அறிவிப்பை அனுப்பக் கூடாது; மாற்றத்தைக் குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். ஆர்டரின் பொது மெத்தட், நிலை ஆப்ஜெக்ட்டிடமிருந்து கட்டுப்பாடு திரும்பிய பிறகு, குறித்து வைத்ததை அறிவிக்கட்டும். 'ஒப்படை, முடியட்டும், பிறகு அறிவி' என்ற வரிசை நான்கு கட்டளைகளுக்கும் பொது என்பதால் அதை ஒரே இடத்தில் எழுதி, கட்டளைக்கேற்ப மாறும் பகுதியை மட்டும் உள்ளே அழைக்கலாம். அறிவிப்பின்போது அப்சர்வர் புதிய கட்டளை கொடுத்தால் அது வரிசையில் நின்று, நடப்பு அறிவிப்பு முடிந்ததும் எடுக்கப்படட்டும். 'நிலையை மாற்று' மெத்தடை வெளியார் அழைக்கவும் கூடாது. மாடலில் அதன் முன்னால் பேக்கேஜ் அளவிலான அணுகலைக் குறிக்கும் அலைக்குறியைப் போடுங்கள். கூட்டல் குறி போட்டுவிட்டால் நிலையை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அழைத்ததாக ஆகிவிடும்.

## படி 7: இயக்கத்தை வரையுங்கள்

மேலே சொன்ன தீர்வைப் பதிவு செய்ய, அழைப்புகள் போகும் வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் வரைபடம்தான் ஏற்ற இடம். பங்கேற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செங்குத்துக் கோடு என நான்கு வாழ்கோடுகள் போதும்: அழைப்பவர், ஆர்டர், பணம்வந்தது, கிடங்கு. வாழ்கோட்டின் தலையில் கிளாஸ் பெயரோடு பாத்திரத்தையும் எழுதுங்கள். 'அறிவி' என்ற அம்பு, பணம்வந்தது வாழ்கோட்டின் இயக்கப் பட்டை முடிந்த பிறகே தொடங்க வேண்டும். படத்தில் பார்க்க வேண்டியது அந்த ஒரு விஷயத்தைத்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சீக்வென்ஸ் வரைபடம் என்று வரைந்து தள்ள வேண்டாம். பேட்டர்ன்கள் மோதும் பாதைக்கு ஒன்று போதும்.

## படி 8: நிபந்தனைகளை எழுதுங்கள்

படத்தால் சொல்ல முடியாததை வாக்கியமாகவோ, யூஎம்எல் 1.1 காலத்திலிருந்தே உடன் வரும் ஓசிஎல் மொழியிலோ எழுதி, கொலாபரேஷன் நீள்வட்டத்தோடு குறிப்புப் பெட்டியாக இணையுங்கள். நம் மாடலுக்கு வேண்டியவை இவை.

ஆர்டருக்கு எந்த நேரத்திலும் ஒரே ஒரு நடப்பு நிலை இருக்கும், வெறுமையாக இருக்காது. நிலை கிளாஸ்கள் எதிலும் சொந்தத் தரவு இருக்காது. அப்போதுதான் ஒரே நிலை ஆப்ஜெக்ட்டை எல்லா ஆர்டர்களும் பகிர்ந்துகொள்ளலாம். நிலை மாறிய ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அப்சர்வருக்கும் சரியாக ஒரு செய்தி போகும். ஆர்டர் கிளாஸ் கிடங்கையோ கணக்கையோ நேரடியாகச் சார்ந்திருக்காது.

இந்த நான்கும் ஒரே வகையானவை அல்ல. முதலாவதும் மூன்றாவதும் ஓடும் ஆப்ஜெக்ட்களைப் பற்றியவை. சோதனை நிரல் எழுதிச் சரிபார்க்கலாம். இரண்டாவதும் நான்காவதும் மாடலைப் பற்றிய நிபந்தனைகள். கிளாஸ்களையும் சார்புகளையும் ஆராய்ந்துதான் சரிபார்க்க முடியும். ஜாவாவில் ஆர்க்யூனிட் போன்ற கருவிகள் சார்பு பற்றிய நிபந்தனையைத் தானாகவே சரிபார்த்துவிடும். எது எங்கே சரிபார்க்கப்படும் என்று நிபந்தனையின் பக்கத்திலேயே எழுதிவிட்டால், அது சுவரில் ஒட்டிய அறிவிப்பாகப் போய்விடாது.

## படி 9: நிரலுக்கு இறங்கும்போது மொழியைப் பாருங்கள்

மாடலில் ஒரு பாத்திரம் இருப்பதால் நிரலில் ஒரு கிளாஸ் இருந்தாக வேண்டும் என்று இல்லை. பீட்டர் நார்விக் 1996-இல் காட்டியபடி, லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் அந்த 23 பேட்டர்ன்களில் 16 எளிமையாகிவிடும், அல்லது கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடும். 2014-இல் ஜாவா 8-இல் லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) வந்த பிறகு எடைமுறை, தூரமுறை இரண்டையும் கிளாஸாக எழுதாமல் ஃபங்ஷனாகவே கொடுக்கலாம். சி ஷார்ப்பில் ஈவென்ட் என்பது மொழிக்குள்ளேயே இருக்கும் அப்சர்வர்.

அப்போது மாடலை என்ன செய்வது? பிணைப்பு அப்படியே இருக்கட்டும். 'கான்கிரீட் ஸ்ட்ராட்டஜி' பாத்திரத்தை கிளாஸோடு பிணைக்காமல் ஃபங்ஷனோடு பிணையுங்கள். பாத்திரமும் நிபந்தனையும் மாறவில்லை, ஏற்பவர் மட்டும் மாறியிருக்கிறார்.

ஆயத்தமாகக் கிடைக்கும் வகைகளை நம்பும் முன் உங்கள் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஜாவாவின் அப்சர்வபிள் கிளாஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2017-இல் வந்த ஜாவா 9 அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டது. சொன்ன காரணங்களில் இரண்டு: அறிவிப்புகள் போகும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை, நிலை மாற்றமும் அறிவிப்பும் ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்தி வராது. முந்தைய படியில் நாம் எழுதிய மூன்றாவது நிபந்தனையை அது காப்பாற்றாது என்பது படித்தவுடனேயே தெரிந்துவிடும். நிபந்தனையை எழுதாமல் வந்திருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரே செய்தி இரண்டு முறை போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

## படி 10: சரிபார்க்கவும், வேண்டாதபோது கழற்றவும்

மாடலை மற்றவர்கள் பார்வையிடும்போது பொருத்தம் ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகள் கேட்கலாம். எல்லாப் பாத்திரங்களும் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா, இணைத்ததும் விட்டதும் எழுதப்பட்டிருக்கின்றனவா? சார்புத் திசை பேட்டர்ன் சொல்லும் திசைதானா? அப்சர்வர் பொருத்தத்தில் ஆர்டரிலிருந்து கிடங்குக்கு நேராக ஒரு கோடு முளைத்திருந்தால் பேட்டர்ன் பெயரளவில்தான் இருக்கிறது. முதல் படியில் எழுதிய சிக்கல் இன்னும் இருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் அதிகம் தவறவிடப்படுவது. கட்டணக் கணக்கில் தூரமுறை கைவிடப்பட்டு எடைமுறை மட்டும் மிஞ்சுகிறது, புதிய முறை எதுவும் வரப்போவதும் இல்லை என்றால், ஸ்ட்ராட்டஜி அங்கே வெறும் சுமை. அதைக் கழற்றுவதற்கும் பிணைப்புதான் வழிகாட்டி. முதலில் மாடலில் 'கட்டணக் கணக்கு' நீள்வட்டத்தை அழியுங்கள். அதிலிருந்து போன கோடுகளின் மறுமுனையில் இருக்கும் கிளாஸ்களில், வேறு எந்தப் பொருத்தத்திலும் பங்கேற்காதவை எவை என்று பாருங்கள். நம் மாடலில் கட்டணமுறை என்ற இன்டர்ஃபேஸுக்கு வேறு பாத்திரம் இல்லை, அது போகலாம். எடைமுறையின் கணக்கை அனுப்புகைக்குள்ளேயே ஒரு மெத்தடாக இறக்கலாம். அனுப்புகை தன் சொந்த வேலையோடு நிற்கும். அதன் பிறகு நிரலை மாற்றுங்கள். கூடவே, எப்போது, ஏன் கழற்றினோம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் அதே ஸ்ட்ராட்டஜியை மறுபடியும் கொண்டுவந்து மாட்டுவார்.